சீமாட்டியின் இடது கண்

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள முகம் முடியலைன்னா, உங்க இடம் வேற ஆளுக்குப் போயிடும். சொல்லிட்டேன்!"

ஓவிய வகுப்பு டீச்சர் போட்ட சத்தத்தில் எட்டுத் தூரிகைகள் அப்படியே நின்றன. ஒன்பதாவது மட்டும் நிற்கவில்லை. அது பல் செட் செய்பவருடையது. வகுப்பிலேயே மூத்தவர், டீச்சரைவிடப் பதினைந்து வயது பெரியவர்.

சுவரில் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சீமாட்டி ஒருத்தியின் புகழ்பெற்ற படம். பவுடர் போட்ட கொண்டை, பட்டு கவுன், ரோஸ் கன்னம். அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் அப்படியே வரைந்து பழக வேண்டும். மற்றவர்கள் கவுன் மடிப்புக்கே வந்துவிட்டார்கள். இந்த மனிதர் மூன்று மாதமாக இடது கண்ணை விட்டு நகரவே இல்லை. வரைவார், முறைத்துப் பார்ப்பார், கத்தியால் வழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். 'ஒத்தக்கண்ணு சார்' என்று வகுப்பில் பெயரே வைத்துவிட்டார்கள். முதல் தடவை அது காதில் விழுந்தபோது மனிதர் முகம் செத்துப்போனது.

"சார், அந்தம்மாவுக்கு நீலக் கண்ணு. நீங்க பழுப்பு போடுறீங்க. இது காப்பியா, இல்ல உங்க கற்பனையா?"

"நிறம் கிடக்கட்டும் டீச்சர். அந்த ஈரம்தான் பிடிபட மாட்டேங்குது. கண்ணு முழிச்சிருக்கு, ஆனா பார்க்க மாட்டேங்குது."

"வெறும் வெள்ளையை அடிச்சா முட்டை மாதிரிதான் முழிக்கும். துளி சாம்பல் கலங்க. மூலையில லேசா சிவப்பு."

"எங்க பல்லு வேலையில வெள்ளையிலேயே பதினாறு ரகம் இருக்கு. ஒண்ணுகூட இங்க உதவலை."

"சரி, முதல்ல மத்ததை வரைங்க. கண்ணை அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம்னா முடியாது டீச்சர். திங்கட்கிழமை பொண்ணு காலேஜ்ல சேர்றா. அதுக்குள்ள தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"ஓஹோ, பரிசா? அப்போ முழுப் படமா குடுங்க. ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் வெள்ளையில் துளி சாம்பல் கலக்க ஆரம்பித்தார்.

மணி நாலே முக்கால். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையின் நுனியில் ஒரு துளி வெள்ளை எடுத்து, கருவிழியின் ஓரத்தில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். இந்த முறை கத்தியைத் தொடவில்லை.

டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்தார். பழுப்புக் கண் டீச்சரைத் திரும்பிப் பார்த்தது.

"அடேயப்பா! உயிர் வந்துடுச்சு சார்!" கோபம் போன இடம் தெரியவில்லை. "உங்களுக்கு இன்னும் ஒரு மாசம் தர்றேன். இதே மாதிரி அந்த இன்னொரு கண்ணையும் போட்டுடுங்க."

அவர் பையிலிருந்து பல் செட் வைக்கும் சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பல் இல்லை. பஞ்சின் மேல், சிப்பி போல வளைந்த ஒரு வெள்ளைத் துண்டு. நடுவில் வட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இன்னொண்ணு வேண்டாம் டீச்சர்" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "என் பொண்ணுக்கு வலது கண்ணு நல்லாத்தான் இருக்கு."