புது புஷ்

"ஏம்மா, மெக்கானிக் இல்லாம நீயே புஷ் மாத்திடுவியா?" என்று ஒருவர் குனிந்து கேட்டார்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த நான் முகத்தைக் காட்டாமலே, "மாத்திடுவேன்ணா" என்றேன்.

நாளைக்குப் பனமலையில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். வண்டியைத் தாங்குகிற கமான் பட்டையின் ரப்பர் புஷ் தேய்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் கடகடவென்று கத்துகிற எங்கள் லோடு வண்டியில் ஏறமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"நல்லா டைட் பண்ணும்மா" என்று அவரே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். செஞ்சியில் இப்படியும் ஒரு நல்ல மனுஷர்!

கடைசி நட்டை முறுக்கிவிட்டு வெளியே வந்தேன். நைனா டீக்கடையிலிருந்து ஓடிவந்தார். "அடியே, யாரு வண்டிக்குடி புஷ் மாத்துன? இதே மாதிரி நம்ம வெள்ள வண்டி அந்தாண்ட நிக்குதுடி!"

நல்ல மனுஷர் ஜாக்கியை இறக்கினார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். எங்கள் புது புஷ்ஷோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.