தண்ணிக்கடியில் ஒரு போட்டோ

"வாயில குழாயக் கவ்விக்கினு, மூஞ்சில கண்ணாடி மாட்டிக்கினு, அப்படியே தண்ணி மேல குப்புறப் படுத்தா போதும் ராஜம்க்கா. கீழ மீனு கூட்டம் கூட்டமா வந்துகினே இருக்கும். இன்னா கலரு தெரியுமா!"

ஆல்வின் சொல்லச் சொல்ல ராஜத்துக்கு வயிறு எரிந்தது.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அது எழுதாத சட்டம். எல்.டி.சி.யில், அதாவது ஆபீஸ் தயவில், குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு வந்தவர்கள் பிளாக்கில் இருக்கும் எல்லோரையும் கூப்பிட்டு, டீ கொடுத்து, போட்டோ காட்ட வேண்டும். யார் படத்துக்கு 'ஆகா' அதிகம் விழுகிறதோ, அதை மிஞ்ச ஒருவர் வரும்வரை அவர்கள் ராஜ்யம்தான்.

இரண்டு வருஷமாக ராஜ்யம் ராஜத்துடையது. மணாலியில் அவள் பனிச்சறுக்கு விளையாடும் படம். தலையில் குல்லா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வாய்வரை சுற்றிய மஃப்ளர். மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். இருந்தாலும் அதைப் பெரிதாக்கி, வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஹாலில் மாட்டியிருந்தாள்.

இப்போது எதிர்வீட்டு ஆல்வினும் அன்பரசியும் லட்சத்தீவில் ஏதோ ஒரு குட்டித் தீவுக்குப் போய்விட்டு வந்து, தண்ணிக்கடியில் எடுத்த படத்தை ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறார்கள். நீலத் தண்ணீர். மஞ்சள் மஞ்சளாக மீன்கள். நடுவில் கண்ணாடியும் குழாயுமாக, மீனைத் தொட இடது கையை நீட்டிக்கொண்டு அன்பரசி.

"அம்மாடி! நம்ம அன்பரசியா இது?" மாடி வீட்டு சங்கரி வாயைப் பிளந்தாள். "இதுக்கு முன்னாடி மணாலியெல்லாம் எந்த மூலைக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜமும் சிரித்துவைத்தாள். வாய் வலித்தது.

"நீங்களும் ஒரு தபா போய்ட்டு வாங்கக்கா," என்றான் ஆல்வின். "ஆனா ஒண்ணு, மூக்குத்தியக் கழட்டணும். மூக்கையும் சேத்து மூடுற கண்ணாடி அது."

"நல்லா இருக்கே! எங்கம்மா என் கல்யாணத்துக்குப் போட்டது இது. இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் கழட்டினதில்ல. இந்தக் குழாய் வித்தைக்காகக் கழட்டுவேனா?" ராஜம் தன் ஏழு கல் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினாள்.

டீத் தட்டோடு வந்த அன்பரசி அவளை நிமிர்ந்து பார்த்தாள். தட்டை நீட்டினாள்.

அப்போதுதான் ராஜத்தின் கண் தட்டைப் பிடித்திருந்த இடது கையில் பட்டது. சுண்டு விரல் வளைந்திருந்தது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, பிளாக்குக்குள் தண்ணீர் புகுந்தபோது மாடிப்படி கேட்டில் சிக்கி நசுங்கிய விரல். தன் முந்தானையைக் கிழித்து அதற்குக் கட்டுப் போட்டவளே ராஜம்தான்.

விரலைப் பார்த்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். படத்தில் ஐந்து விரலும் பிஞ்சு வெண்டைக்காய் மாதிரி நேராக இருந்தன.

ராஜத்துக்குப் பாயசம் குடித்தது போல இருந்தது.

கேட்காமல் இருந்திருக்கலாம். தனியாகக் கூப்பிட்டாவது கேட்டிருக்கலாம். வயிற்றெரிச்சல் விடுமா?

"ஏன் அன்பு, உன் சுண்டு விரல் வளைஞ்சுதானே இருக்கும்? தீவுக்குப் போனதும் நேராயிடுச்சா?"

சங்கரி எழுந்து போய்ப் படத்தை உற்றுப் பார்த்தாள். திரும்பி அன்பரசியின் கையைப் பார்த்தாள்.

"அது வந்துக்கா, தண்ணிக்குள்ள..." என்று ஆல்வின் இழுத்தான்.

"விடுங்க," என்றாள் அன்பரசி. அவள் முகம் சுருங்கிவிட்டது. "அது நான் இல்லக்கா. எங்ககூட போட்ல வந்த பொண்ணு. நானும் எறங்கினேன். தண்ணி காதுகிட்ட வந்ததும் அந்த ஞாயித்துக்கெழம ஞாபகம் வந்துட்ச்சு. கத்திக்கினு மேல ஏறிட்டேன். மீதி நாளெல்லாம் கரையிலதான் குந்திக்கினு இருந்தேன். அவ்ளோ தூரம் போயும் எறங்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நான்தான் இவர அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"அதுக்கென்னம்மா, போய்ட்டு வந்ததே பெருசு," என்று சங்கரி சமாதானம் சொன்னாள். டம்ளரை வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

ராஜ்யம் திரும்பிவிட்டது. கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. பொய் சொன்னது அவள், எனக்கென்ன என்று ராஜம் தன் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

அன்பரசி பின்னாலேயே வந்திருந்தாள். கையில் வாழைச்சருகில் கட்டிய இனிப்பு உருண்டை.

"தேங்காயும் வெல்லமும் போட்டு தீவுல பண்றதுக்கா. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தேன்."

ராஜம் கொஞ்சம் தடுமாறினாள். "எதுக்கு அன்பு இதெல்லாம்? நான் விளையாட்டுக்குத்தான் கேட்டேன், மனசுல வெச்சுக்காத. ஆனாலும் போட்டோ விஷயத்துல பொய் சொல்லக் கூடாது பாரு."

"கூடாதுதான்க்கா."

அன்பரசி உருண்டையை ராஜத்தின் கையில் வைத்தாள். திறந்திருந்த கதவு வழியாக ஹாலில் மாட்டியிருந்த மணாலிப் படத்தை ஒரு தடவை பார்த்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்தப் படத்த நீங்க காட்டின அன்னிக்கே, அந்த மூக்குல மூக்குத்தி இல்லன்னு பாத்துட்டேன்க்கா. எல்லார் முன்னாடியும் கேக்கத்தான் எனக்கு மனசு வரல."