நாய்க்கு அனுமதி இல்லை

லான்செஸ்டனில், வீட்டுத் தரகர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ட்ரூடி, ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்திருந்த தம்பதியிடம் கேள்விகளைத் தொடங்கினாள்.

“பசங்க இருக்காங்களா?”

“மூணு பேர். சின்னவன் மட்டும் கடிப்பான்,” என்றான் ரஸ்ஸல்.

“நாய்?”

“ஒண்ணு. அது கடிக்காது.”

ட்ரூடி பேனாவை மூடினாள். “மன்னிச்சுக்கோங்க. நாய் கூடவே கூடாதுன்னு வீட்டுக்காரர் கண்டிப்பா சொல்லியிருக்கார்.”

“போற வீட்லயெல்லாம் இதையேதான் சொல்றாங்க. இந்தக் குளிர்ல நாங்க, பசங்க, நாய் எல்லாரும் ஒரே கேரவன்ல சுருண்டு கிடக்கோம். இந்த வீடு கிடைக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்,” என்று அவன் மனைவி டான்யா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“வீட்டுக்காரர் ரொம்பப் பிடிவாதக்காரராம்.”

“பிடிவாதம் இல்ல, முட்டாள்தனம். ஃபோன் போட்டுக் கேளுங்க.”

“பாவம், அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?” என்று முனகினான் ரஸ்ஸல்.

ட்ரூடி எண்ணை அழுத்தினாள். ரஸ்ஸலின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

“கடன் கட்டணும்னு சொந்த வீட்டை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு விடச் சொல்லித் தரகர் கையில குடுத்தது நீ. நாய் கூடாதுன்னு சொன்னதும் நீ,” என்றாள் டான்யா. “எடு. நாய் வரலாம்னு சொல்லு.”