மெதுவாகவே மாறட்டும்

அருங்காட்சியகத்தின் பின்னறையில் கணவனும் மனைவியும் கல்லாகிப்போன நத்தை ஓடுகளை அளந்துகொண்டிருந்தார்கள். மாலைக்குள் ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். முடிவுரையில்தான் சண்டை.

"உயிரெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாறும். நீ என்னடான்னா, லட்சக்கணக்கான வருஷம் சும்மா கிடந்துட்டுத் திடீர்னு மாறுதுங்கிற" என்றார் அவர்.

"நீங்க சொல்றதையே எழுதிடுங்க."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "கல்யாணமான நாள்லேர்ந்து இதுக்குத்தானே மல்லுக்கட்டுற? இன்னைக்கு மழை கொட்டப் போகுது!"

"மெதுவாவே மாறட்டுங்க. உங்க பக்கமே ஜெயிக்கட்டும்."

"அடியே, தோத்ததுக்கா அழற?" சிரித்துக்கொண்டே பக்கத்து அறைக்குச் சேதி சொல்லப் போனார்.

காலையில் டாக்டர் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் கழுத்துல இத்தனை வருஷமா சும்மா இருந்த கட்டிதாம்மா. இப்ப அதுல செல்கள் மாற ஆரம்பிச்சிருக்கு. மெதுவா மாறினா பயமில்ல. திடீர்னு மாறினா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

பக்கத்து அறையில் அவர் குரல் உற்சாகமாகக் கேட்டது. "ஒத்துக்கிட்டாய்யா! எல்லாம் மெதுவாத்தான்னு அவளே ஒத்துக்கிட்டா!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். அளந்து வைத்த ஓடுகளில் ஒன்றுகூட அவர் பக்கம் பேசவில்லை.