பேர் அடிபட்டவன்

"கல்லு ஒடைக்கற வேலை எனக்கு வேணாம்" என்றான் ஏகாம்பரம்.

மேஸ்திரி எத்திராஜ் சரியாகக் காதில் விழாதவர் போல நிமிர்ந்து பார்த்தார். "இன்னாப்பா சொன்னே?"

"வேணாம்னேன். வேற எவனையாவது ஒடைக்கச் சொல்லு."

ஏரிக்குள் மண் சுமந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். தலையில் கூடையோடு நின்ற அவன் பெண்டாட்டி செங்கம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. புருஷன் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

மழை பொய்த்து வடமாலபேட்டைப் பக்கத்து ஏரிகளெல்லாம் வெடித்துக் கிடந்தன. கர்னூலில் உட்கார்ந்த புது ராஜாங்கம், பஞ்ச வேலையாக ஏரியை ஆழப்படுத்தச் சொல்லியிருந்தது. ஊர் ஆந்திராவோடா, மெட்ராஸோடா என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே சனங்களுக்குக் கவலையெல்லாம் அன்றாடக் கூலியும் மத்தியானக் களியும்தான்.

கொடுத்த வேலையை மறுத்தால் பதினைந்து நாள் வேலை கிடையாது. கூலியும் களியும் கிடையாது. அதுதான் சட்டம்.

எத்திராஜ் ஏகாம்பரத்தின் பேரை அடித்தார். வேலை கிடைக்காமல் கரைமேல் காத்திருந்தவர்களில் முதலாவதாக நின்ற சந்திரம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

சாயங்காலம் செங்கம்மா வீட்டுக்கு வந்தபோது, அவன் விறகு பொறுக்கி வந்து அடுப்பு மூட்டிச் சுடுதண்ணீர் வைத்திருந்தான்.

"கால்ல ஊத்திக்கோமே" என்றான்.

"ஊத்திக்கறேன். உனக்கு இன்னாய்யா ஆச்சு? கல்லு ஒடைக்கறது உனக்குப் புதுசா?"

"முதுகு வலி."

"முதுகு வலிக்காரன்தான் இம்மாம் விறகைத் தூக்கினு வந்தியா?"

அவன் அடுப்பைக் கிளறினான். செங்கம்மா தன் பங்குக் களியில் பாதியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். கோபம் குறையாமலே அவன் முன்னால் வைத்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டு, வயிறு நிறைந்துவிட்டதென்று அவள் பக்கமே தள்ளினான்.

ஏரியில் வாய்கள் சும்மா இல்லை. "ஆம்பள வூட்ல குந்திகினு கீறான். பொம்பள சொமந்துகினு வந்து போடறா" என்றார்கள். அவள் காதில் விழும்படியே சொன்னார்கள்.

ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் எத்திராஜ் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, ஏதோ புத்தி கெட்டுப் பேசிட்டாரு. மிச்ச நாளை நீங்கதான் மன்னிச்சு வுடணும்."

எத்திராஜ் இரக்கமுள்ள மனுஷர். வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "சரிம்மா, உன் மூஞ்சிக்காக. நாளைக்கே வரச் சொல்லு. மேல நான் சொல்லிக்கறேன்."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னாள். ஏகாம்பரத்தின் முகம் விழுந்துவிட்டது.

"உன்ன யாரு போய்க் கேக்கச் சொன்னது?"

"இது இன்னா பேச்சு?"

"நாளைக்கு நான் ஏரில எறங்கினா, சந்திரம்மா கரை ஏறணும்."

செங்கம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சந்திரம்மா பக்கத்துத் தெருக்காரி. ஏரி வேலைக்குப் பேர் எழுதின அன்றைக்கு அவள் வீட்டில் புருஷனுக்குக் காரியம். அவள் வருவதற்குள் ஆள் நிரம்பிவிட்டது. இரண்டு சின்னக் குழந்தைகள் வேறு. பாவமென்று செங்கம்மா ஒரு நாள் கூழ் அனுப்பினாள். மூடின சட்டி மூடினபடியே திரும்பி வந்தது. ஒழைக்காம வர்ற கூழு வேணாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"நம்ம வூட்ல ரெண்டு பேருக்கு வேலை கீது. அவ வூட்ல ஒருத்தருக்கும் இல்ல. தெனம் கரைமேல நின்னுகினு பாத்துகினே கீறா. எனக்குக் கை ஓடல" என்றான் ஏகாம்பரம்.

"அப்ப உன் எடத்தை அவளுக்கு வுட்டுட்டேன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே?"

"நான் வுட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சா அவ வாங்குவாளா? அதோட, வுட்ட எடத்துல எவனாவது பெரிய மனுஷன் தன் ஆளைச் சொருகிடுவான். தண்டனைன்னாதான் கரைல நிக்கறவங்களக் கூப்புடறாங்க."

"என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நாளெல்லாம் அவ பக்கத்துல கூடை தூக்கறவ நீ. உன் மூஞ்சியே சொல்லிக் குடுத்துடுமே."

செங்கம்மா எழுந்தாள். முந்தானையை அவிழ்த்துக் களியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இன்னிக்கு ஒழுங்கா முழுசையும் துன்னு. என் பக்கம் தள்ளினே, அப்பறம் பேச்சு மாறிடும்."

மறுநாள் காலையில் ஏரிக்கரை மேல் சந்திரம்மா நின்றுகொண்டிருந்தாள். இன்றிலிருந்து வேலை இல்லையென்று மேஸ்திரி சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கூடையைக் காலடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா உன் புருஷன்?" என்று எத்திராஜ் கேட்டார்.

"வர மாட்டாராமுங்க ஐயா. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. உங்களக்கூடக் கண்டபடி பேசிட்டாரு."

எத்திராஜ் வெற்றிலையைத் துப்பினார். "போனாப் போவுதுன்னு பாத்தா அவ்ளோ திமிரா? ரெண்டாந்தரம் மறுத்தா ஒரு மாசம் உள்ள வுட மாட்டேன். போய்ச் சொல்லு." பிறகு கரைப்பக்கம் திரும்பி, "ஏம்மா சந்திரம்மா, நீயே எறங்கு" என்றார்.

சந்திரம்மா கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். செங்கம்மா அவளைப் பார்க்காமல் மேஸ்திரியிடம் கேட்டாள்:

"ஒரு மாசத்துக்கு மேல போட சட்டத்துல எடம் இல்லீங்களா ஐயா?"