பிள்ளையின் படம்

"மாட்டாதீங்கன்னா மாட்டாதீங்க. அந்தப் படம் இங்க வேணாம்."

ஸ்டூல்மேல் ஆணியும் சுத்தியலுமாக நின்ற தச்சர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அடிக்கக் கை வரவில்லை. இறங்க மனசும் வரவில்லை.

கீழே அவருடைய அக்கா, தம்பி மகனின் படத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். போன வருஷம் இதே நாளில், பஸ் நிறுத்தத்தில் நடந்த கைகலப்பில் தலையில் அடிபட்டுச் செத்துப்போனவன். ஒரே பிள்ளை. படத்தில் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். சட்டத்தைத் தச்சரே பார்த்துப் பார்த்து இழைத்திருந்தார்.

"பெத்தவ பேசற பேச்சா இது?" என்றாள் அக்கா. "இந்த ஹாலையே அவன் ஞாபகமாத்தானே ஆரம்பிச்சே?"

"அவன் ஞாபகமாத்தான் அண்ணி."

"அப்புறம் என்ன?"

மனைவி ஒரு துணியை எடுத்தாள். அவள் பெஞ்சுகளைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை அவளுக்கு. மகன் போன மறுமாதமே, வேலை முடிந்து வந்த கையோடு வீடு வீடாக ஏற ஆரம்பித்தாள். "உங்க பையன் சாயங்காலம் எங்க போறான்? யாரோட சுத்தறான்?" சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். சில வீடுகளில் அவள் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். மறுநாளும் போய் நின்றாள்.

பூட்டிக் கிடந்த சிமெண்ட் குடோனை அதன் சொந்தக்காரரிடம் மன்றாடி வாங்கினாள். தெருவில் நாலைந்து அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு கழுவி, வெள்ளையடித்தாள். இப்போது சாயங்காலமானால் தெருப் பையன்களுக்கு இந்த ஹால்தான் வீடு. படிக்கிறவன் படிப்பான், பந்தடிக்கிறவன் பந்தடிப்பான். பரீட்சையில் கோட்டைவிட்டவனுக்குச் சொல்லித்தர ஒரு டீச்சர் வருவார். ஒருத்தனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது, வேலைக்குப் போகாமல் நாள் பூராவும் ஸ்டேஷன் வாசலில் அவன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவள் இவள்தான்.

அதற்காகத் தெரு வாய் சும்மா இருக்குமா?

"வயித்துல பிறந்தது போய்ச் சேர்ந்துடுச்சு. எப்படிச் சிரிச்சுப் பேசறா பாரு!"

"கல்லு மனசு. வேற என்ன?"

தச்சர் காதிலும் விழும். பட்டறை விட்டால் வீடு என்று தலைகுனிந்தே போய் வந்தார். இந்த ஹால் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இன்றுதான், படத்தோடு, முதல் தடவையாக உள்ளே வந்திருக்கிறார்.

வாசலில் செருமல் கேட்டது. தெருச் சங்கத் தலைவர். சலவைச் சட்டை, பின்னால் போட்டோ எடுக்க ஓர் ஆள்.

"என்னம்மா தகராறு? படத்தைத் திறந்து வச்சு நாலு வார்த்தை பேசிட்டுப் போகலாம்னு வந்தேன். ஹாலுக்கு அவன் பேரையே வச்சிடலாமே."

"வேணாங்க."

"அட, நீ வேற! வம்புதும்புக்குப் போகாத பிள்ளை. தெருவுக்கே செல்லம். நம்ம பசங்க அவனைப் பார்த்துத்தானே நல்லது கெட்டது கத்துக்கணும்?"

"வேணாங்க" என்றாள் மறுபடியும், பெஞ்சைத் துடைத்துக்கொண்டே.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "கேட்டியாடா தம்பி? மூணாம் மனுஷனுக்கு இருக்கற பாசம்கூட இவளுக்கு இல்லை. ஊர்ல இருக்கற பிள்ளைங்களுக்கெல்லாம் அம்மா ஆயிட்டா. செத்தவன்தான் அநாதையாயிட்டான்!"

தச்சர் ஆணியை ஓங்கி அடித்தார். அடித்த வேகத்தில் சுவர்க்காரை உதிர்ந்தது. அக்கா படத்தை நீட்ட, வாங்கி மாட்டினார்.

மனைவி தடுக்கவில்லை. "பசங்க வர்ற நேரம்" என்று மட்டும் சொன்னாள், யாரிடமோ சொல்வதுபோல.

வந்தார்கள். ஒருத்தன் முதுகில் ஒருத்தன் தட்டிக்கொண்டு, கூச்சலும் கேலியுமாக. முதலில் வந்தவன் வாசற்படியிலேயே நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் மோதி, உள்ளே பார்த்து, அவர்களும் நின்றார்கள். சுவிட்சை அணைத்ததுபோல் சத்தம் நின்றுபோனது.

"வாங்கடா, உங்க அண்ணன்தான்!" என்றார் தலைவர். போட்டோக்காரர் தயாரானார்.

ஒருவரும் அசையவில்லை.

முன்னால் நின்றவன் தச்சரைவிட ஒரு தலை உயரம். தோளும் மார்புமாக வளர்ந்த பையன். படத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை அவன். நெற்றி வியர்த்துவிட்டது. "நான் நாளைக்கு வரேன் ஆன்ட்டி" என்று முணுமுணுத்துத் திரும்பினான்.

தச்சருக்கு ஒரு வருஷ ஆத்திரம் தலைக்கேறியது. ஸ்டூலிலிருந்து குதித்துப் பாய்ந்து, அவன் வலது கையைப் பிடித்து இழுத்தார்.

"நில்லுடா! இங்க வந்து ஆட்டம் போடத் தெரியுது, என் பிள்ளை மூஞ்சியைப் பார்க்க மட்டும் உனக்குக் கசக்குதா? அவன் இருந்திருந்தா இப்படித் திரும்பிப் போவியா நீ?"

இழுத்த கை நீளவில்லை. முழங்கையில் பாதி மடங்கியபடியே விறைத்து நின்றது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டான். சத்தம் போடவில்லை. அவரை எதிர்க்கவும் இல்லை.

தலைவர் அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். போன் அடிக்கவே இல்லை.

அவள் துடைத்த துணியைப் போட்டுவிட்டு வந்தாள். புருஷனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"விடுங்க. நம்ம பிள்ளை உடைச்ச கை அது."