வராத சத்தம்

"இம்புட்டுப் பெரிய கீபோர்டுல புல்லாங்குழல் சத்தம் மட்டும் வராதா தம்பி?"

சேவுகன் இப்படிக் கேட்பது முதல் தடவை அல்ல. சாதிக் பாட்சாவும் வழக்கமான பதிலையே சொன்னான்.

"வராதுண்ணே. அது மட்டும் கெட்டுக் கெடக்கு."

"வாங்குன நாள்லேர்ந்தா?"

"ஆமாண்ணே" என்றான் சாதிக், வயரைச் சொருகிக்கொண்டே.

சேவுகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருமயத்தில் கல்யாண மண்டபம். சாயங்காலம் ஆறு மணிக்கு வரவேற்பு. மேடை முழுக்கப் பூ அலங்காரம், பெரிய திரை, ராஜா ராணி உட்காருகிற மாதிரி ஒரு சோபா. மெல்லிசைக் குழுவுக்கு ஒதுக்கியது ஒரு மூலை.

"அஞ்சு பேருக்கு எடமில்லண்ணே. ஒருத்தரைக் கொறச்சுக்கங்க" என்று பெண்ணின் தாய்மாமன் கோபிநாத் காலையிலேயே சொல்லிவிட்டார்.

யாரைக் குறைப்பது? பாடுகிற இருவரையும் கீபோர்டையும் விட முடியாது. தபலா வாசிப்பது குழுவின் தலைவரான சேவுகனே. அவரைப் பொறுத்தவரை தபலா இல்லாவிட்டால் அது கச்சேரியே இல்லை. மிச்சம் இருப்பது புல்லாங்குழல் அருள்தாஸ். ஆவூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

கீபோர்டில் மட்டும் புல்லாங்குழல் வந்தால் அவரைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். பிள்ளைகள் விளையாடுகிற கீபோர்டில்கூட வருகிறது. இவனுக்கு மட்டும் வராதாம்!

"புதுக்கோட்டையில ரகுநாத்னு ஒருத்தன் இருக்கான். கேக்குற சத்தமெல்லாம் குடுக்குறான்" என்றார், சாதிக்குக்கு உறைக்கட்டும் என்று.

"ஆமாண்ணே, நல்லா வாசிப்பாரு" என்றான் சாதிக். உறைத்ததாகத் தெரியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. "ஜும்ஆ தொழுகைக்குப் போயிட்டு வந்துர்றேண்ணே" என்று கிளம்பினான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் பாடகி சிவரஞ்சனி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, சுருதி ஒண்ணு குடுங்களேன். பாடிப் பாத்துக்கிறேன்" என்றாள்.

சேவுகன் அந்தக் கீபோர்டைத் தொட்டதே இல்லை. குத்துமதிப்பாக ஒரு பட்டனை அமுக்கி, ஒரு கட்டையில் விரலை வைத்தார்.

சிவரஞ்சனி சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். "அருள்தாஸ் அண்ணன் வந்துட்டாங்களா?"

யாரும் வரவில்லை. சேவுகன் மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் புல்லாங்குழல். துளி கெடவில்லை.

சாதிக் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே படியேறி வந்தபோது சேவுகன் கீபோர்டு பக்கத்திலேயே நின்றார்.

"இது என்னய்யா?" என்று கட்டையை அமுக்கிக் காட்டினார்.

சாதிக் மழுப்பவில்லை. "இருக்குண்ணே."

"இதை வாங்குன ரெண்டு வருசமா என்னைக் கேணையனாக்கியிருக்க!"

"வரும்னு சொன்னா அருள்தாஸ் அண்ணனை வேணாம்பீங்க. அவரு வாசிக்கிறப்ப நடுவுல மூச்சு வாங்குறது கேக்கும்ணே. எனக்கு அதக் கேட்டாத்தான் வாசிக்கவே தோணும். இதுல சத்தம் இருக்கு, மூச்சு இல்ல."

"கல்யாண வீட்டுல எவன்யா மூச்சைக் கேக்குறான்? பந்திக்கு எப்பக் கூப்புடுவாங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கான்."

சாதிக் மடித்த தொப்பியைச் சட்டைப் பையில் வைத்தான்.

"இன்னைக்குப் புல்லாங்குழலையும் நீயே வாசி. இதோட ஒனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. அடுத்த கச்சேரிக்கு ரகுநாத்."

"அண்ணே, கோவத்துல எதையாச்சும்..." என்று ஆரம்பித்தாள் சிவரஞ்சனி.

"நீ சும்மா இரும்மா."

ஒன்பது வருசம் இந்தக் குழுவில் வாசித்தவன். சாதிக்கின் முகம் சுண்டிப்போனது. சேவுகன் அதைப் பார்க்காமல் அருள்தாஸுக்குப் போன் போட்டார்.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கோபிநாத் வேகமாக வந்தார்.

"சேவுகண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஒருத்தரைக் கொறச்சாலும் எடம் பத்தாது போலருக்கு. பெரிய கேமராவை இங்கிட்டுதான் நிறுத்தணுமாம். இந்தத் தபலாவை எடுத்துருங்க."

"தபலாவையா?"

"அதான் கீபோர்டுலயே எல்லாம் வருதுல்ல? போன மாசம் எங்க சித்தப்பா வீட்டு விசேசத்துல ஒரே ஆளு அம்புட்டையும் வாசிச்சாரு. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. நீங்க கீழ ஒக்காந்து பாருங்கண்ணே. முன்னாடி வரிசையில மரியாதையா சேர் போடச் சொல்றேன்."

சேவுகன் தன் தபலாவைப் பார்த்தார். முப்பது வருசமாக வாசிக்கிற கை. இனி முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடலாம். அந்தக் கீபோர்டில் தபலா இருக்கிறது, டோலக் இருக்கிறது, எல்லாமே இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். இவ்வளவு பேசிய பிறகு, வராது என்று சொல்லச் சொல்லி சாதிக்கிடம் எந்த முகத்தோடு கேட்பது?

கோபிநாத்தே கேட்டார். "தம்பி, ஒங்க கீபோர்டுல தபலா வரும்ல?"

சாதிக் சேவுகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவும் இல்லை.

"இதுல வராதுங்க. அண்ணன் பக்கத்துல இல்லாட்டி எனக்கு வாசிக்கவே வராது."

சேவுகனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையிலிருந்த போனில் அருள்தாஸ் "அலோ, அலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"புல்லாங்குழலும் வராதுங்க" என்றார் சேவுகன், கோபிநாத்திடம். "ஆளு பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்காரு. அந்தக் கேமராவை ஒரு அடி அங்கிட்டுத் தள்ளச் சொல்லுங்க. நாங்க அஞ்சு பேரும் நெருக்கி ஒக்காந்துக்கிறோம்."